பரத்பூர் கேவலாதேவில் மூன்று நாள் சைக்கிள்: கரை, காடு, கருவேல முள்

மதகடி

ராஜஸ்தானில் பரத்பூரை ஒட்டி இருக்கிற பறவைகள் நிறைந்த கேவலாதேவ் தேசியப் பூங்காவில் சைக்கிள் மிதிப்பது பற்றி இங்கே இரண்டு மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டிருந்தீர்கள். எல்லாருக்கும் சேர்த்து ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆக்ரா கண்டோன்மென்ட்டில் இறங்கி, சைக்கிளைப் பார்சல் ஆபீஸிலிருந்து எடுத்து, பெடல் மாட்டிக் கிளம்பும்போது காலை ஒன்பது மணி. டிசம்பர் கடைசி என்பதால் மூடுபனி அப்போதும் விலகவில்லை. பரத்பூருக்கு 55 கிலோமீட்டர் சொச்சம். பாதியைத் தாண்டினால் ஃபதேபூர் சிக்ரி. வழி முழுக்கச் சமதளம், இரண்டு பக்கமும் கடுகு பூத்துக் கிடக்கிறது. லாரிகளைத் தவிர இந்தச் சாலையில் சிரமம் எதுவும் இல்லை, அதனால் இதைப் பற்றி அதிகம் எழுதவில்லை.

பூங்காவுக்கு வருகிறேன். மொத்தமே 29 சதுர கிலோமீட்டர்தான். சூரியன் உதித்ததும் திறப்பார்கள், மறையும்போது மூடுவார்கள். சொந்த வண்டி, கார் எதுவும் உள்ளே நெடுந்தூரம் போக முடியாது. நடக்கலாம், ரிக்‌ஷாவில் போகலாம், அல்லது சைக்கிள். வாடகை சைக்கிளும் அங்கேயே கிடைக்கும். நடுவில் கேவலாதேவ் என்ற சிவன் கோயில், அதன் பெயர்தான் பூங்காவுக்கு. ஊர்க்காரர்கள் 'கானா' என்கிறார்கள், அடர்ந்த காடு என்று பொருள். வாசலிலிருந்து கோயில் வரை தார்ச்சாலை. அதிலிருந்து பிரிகிற மண்பாதைகளில்தான் விஷயமே இருக்கிறது.

முதல் நாள் அந்த மண்பாதையில் போகும்போது எனக்கு ஏதோ தெரிந்த இடத்தில் மிதிப்பது போலவே இருந்தது. ஏன் என்று கொஞ்ச நேரம் பிடிபடவில்லை. அப்புறம் ஒரு மதகைப் பார்த்ததும் புரிந்தது. இது ஏரிக்கரை! நாம் சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்கு சைக்கிள் மிதித்த அதே மாதிரிக் கரை. இருபுறமும் தண்ணீர், தண்ணீருக்குள் கருவேல மரங்கள், கரைமேல் ஒற்றையடிப் பாதை.

உண்மையில் அது ஏரி வேலைதான். இயற்கையாக இருந்த பள்ளத்துக்குப் பக்கத்தில், 18ஆம் நூற்றாண்டில் சூரஜ்மல் மகாராஜா காலத்தில், கம்பீர், பாணகங்கா ஆறுகள் கூடுகிற இடத்தில் அஜான் பந்த் என்ற பெரிய கரையைக் கட்டினார்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பள்ளத்துக்குள் சிறு கரைகள், மதகுகள், கால்வாய்கள் எல்லாம் போட்டுத் தண்ணீரைத் தேக்கினார்கள். உள்ளே செய்த இந்த வேலை அவ்வளவும் வாத்து சுடுவதற்காக. கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. எந்த நாள், யார் வந்தார்கள், எத்தனை பறவை விழுந்தது என்று வரிசையாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். 1938 நவம்பரில் வைஸ்ராய் லின்லித்கோ வந்த ஒரே நாளில் 4,273 பறவைகள். அந்த எண்ணின் மேல் விரலை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால் எதிரே மரம் நிறைய மஞ்சள் மூக்கு நாரைகள், கூட்டில் குஞ்சுகள் கத்துகின்றன. அங்கிருந்து நகர எனக்கு மனசு வரவில்லை.

மரங்களையும் சொல்ல வேண்டும். ஈரமான பக்கத்தில் நீர்க்கடம்பு, நாவல். மேடான வறண்ட பக்கத்தில் வன்னி, இலந்தை, உகா. நம் ஊர்க் கோயில் தலமரங்களாகப் பார்த்தவை இங்கே காடாக நிற்கின்றன. சைக்கிளில் பத்து நிமிடம் மிதித்தால் தண்ணீர்க் காற்று போய்ப் புல்வெளியின் காய்ந்த வாசனை வந்துவிடும். வறண்ட பக்கத்தில் நீல்காய், புள்ளிமான், கடமான். குளிர்காலத்தில் நல்ல வெயில் வந்ததும் முள்ளம்பன்றி வளைக்கு வெளியே மலைப்பாம்புகள் வந்து கிடக்கும், அந்த வளைகளில் இரண்டும் சேர்ந்தே குடியிருக்கின்றன. அப்படி ஒன்றைத் தூரத்திலிருந்து பார்த்தேன். தார் பூசின பழைய டயர் கிடக்கிறது என்றே நினைத்தேன்.

இரண்டாம் நாள் காலை பங்க்சர். கருவேல முள், விரல் நீளம், வெள்ளை வெளேர் என்று பின் டயரில் நேராக இறங்கியிருந்தது. டியூபைக் கழற்றி ஒட்டலாம் என்றால் பனி ஈரத்தில் சொல்யூஷன் காயவே இல்லை. டியூபை ஸ்வெட்டருக்குள் அக்குளில் வைத்துக்கொண்டு கரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இருபது நிமிடம் இருக்கும். அசையாமல் இருந்ததால் எதிரே இருந்த பாம்புத்தாரா என்ற நீர்ப்பறவை என்னை மறந்துவிட்டது. தலை மட்டும் வெளியே தெரிய நீந்தி வந்து முங்கியது. எழும்போது அலகில் மீன் குத்தி நிற்கிறது. அதை எடுக்க வேண்டுமே? கழுத்தை ஒரு வெட்டு வெட்டி மீனை மேலே எறிந்து, தலைப்பக்கமாக விழும்படி வாங்கி விழுங்கியது. அப்புறம் பட்ட மரத்தில் ஏறி இறக்கையை விரித்து, ஈரத்துணி காயப்போட்ட மாதிரி உட்கார்ந்தது. ஒவ்வொரு இறகிலும் வெள்ளிக் கோடு தெரிகிற தூரம். அந்த முள் குத்தாமல் இருந்திருந்தால் நான் அந்த இடத்தை ஒரு நிமிடத்தில் தாண்டியிருப்பேன்.

கேள்வி இருந்தால் கேளுங்கள்.

முதல் கியர்

அண்ணா, படிக்கும்போதே கிளம்பத் தோன்றுகிறது. எனக்கு மூன்று சந்தேகம். சொந்த சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போவது தேவையா, வாடகையே போதுமா? நான் தனியாகப் போகிற பெண், உள்ளே தனியாகச் சுற்றலாமா? எந்த மாதம் போவது?

மதகடி

வாங்க தங்கச்சி. பூங்காவுக்கு மட்டும் என்றால் வாடகை சைக்கிள் தாராளமாகப் போதும். கியர் இல்லாத கறுப்பு சைக்கிள்தான், ஆனால் மேடு என்ற பேச்சே இல்லாத இடம். எடுக்கும்போது பிரேக்கையும் சீட் உயரத்தையும் பார்த்து வாங்குங்கள், செயின் கவர் சத்தம் போடுகிறதா என்றும் உருட்டிப் பாருங்கள். மத்த சத்தத்தை விட அந்தச் சத்தம்தான் பறவையைக் கிளப்பும். ஆக்ரா, மதுரா என்று சுற்றும் எண்ணம் இருந்தால் மட்டும் சொந்த வண்டி.

தனியாகச் சுற்றுவது பற்றி: தார்ச்சாலையிலும் கோயில் பக்கத்திலும் எப்போதும் ஆள் இருப்பார்கள். வறண்ட காட்டுப் பக்கம் மட்டும் வெறிச்சோடி இருக்கும். அங்கே போக ஆசை என்றால் முதல் நாள் ஒரு ரிக்‌ஷாக்காரரை அமர்த்திக்கொள்ளுங்கள், நீங்கள் சைக்கிளில் அவர் பின்னால் போகலாம். இதைப் பாதுகாப்புக்காக மட்டும் சொல்லவில்லை. வனத்துறை அனுமதி பெற்ற இந்த ரிக்‌ஷாக்காரர்களுக்குப் பறவை அத்துப்படி. எனக்கு வழி காட்டியவர் பெரியவர், முப்பது வருடமாக இதே வேலை. மிதித்துக்கொண்டே போனவர் திடீரென்று நின்று ஒரு புதரைக் காட்டினார். நான் பைனாகுலர் வைத்து மூன்று நிமிடம் தேடினேன். கிளையின் பட்டை நிறத்திலேயே ஓர் ஆந்தை, கண்ணை மூடிக்கொண்டு. அவர் வெறும் கண்ணால், ஓடுகிற வண்டியிலிருந்து பார்த்திருக்கிறார்!

மாதம்: கூடு கட்டுகிற நாரைகளுக்கு மழை முடிந்த செப்டம்பர், அக்டோபர். வடக்கிலிருந்து வரும் வாத்துகளுக்கு டிசம்பர், ஜனவரி. நம் கூந்தன்குளத்துக்கு வரும் அதே வரித்தலை வாத்துகள் இங்கேயும் வரும். ஜனவரியில் காலைப் பனி பத்து மணி வரை நிற்கும், கையுறை இல்லாமல் பிரேக் பிடிக்க முடியாது.

நத்தைகுத்தி

நல்ல பதிவு. ஆனால் ஒரு விஷயத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. சைக்கிள் சத்தமில்லாதது, அதனால் பறவைக்குத் தொந்தரவு இல்லை என்று எல்லாரும் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். சத்தமில்லாமல் திடீரென்று பக்கத்தில் வந்து நிற்பதுதான் பறவைக்குப் பெரிய பயம். பேசிக்கொண்டு வருகிற கூட்டத்தை அது தூரத்திலேயே கவனித்துத் தயாராகிவிடும். பத்துப் பேர் சைக்கிளில் வரிசையாக வந்து, ஒருவர் மாற்றி ஒருவர் பிரேக் போட்டு இறங்கினால் மொத்தக் குளமும் எழும்பிவிடும். நானே பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. பரத்பூரைப் புகழும்போது வேடந்தாங்கலை மறக்கக்கூடாது. பரத்பூர் சுடுவதற்காக உண்டான இடம். வேடந்தாங்கலில் ஊர்க்காரர்களே சுடாதே என்று போய் நின்றார்கள். பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரியும். 1798இல் செங்கல்பட்டு கலெக்டரிடம் அதற்கு எழுத்தாகவே உரிமை வாங்கினார்கள். அங்கே சைக்கிள் விடுவதில்லை, கரையில் நடந்துதான் பார்க்க வேண்டும். அதுவே சரி என்பது என் எண்ணம். ஒவ்வொரு சரணாலயத்திலும் சைக்கிள் கேட்டு நாம் மனு எழுதக் கூடாது.

மதகடி

நீங்கள் சொல்வதில் பாதிக்கு மேல் ஒப்புக்கொள்கிறேன். வேடந்தாங்கல் ஏரி சின்னது, கரையில் நின்றாலே எல்லாம் தெரியும், அங்கே சைக்கிளுக்கு வேலையே இல்லை. முதுமலை மாதிரி யானை நடமாடும் காட்டிலும் சைக்கிள் கூடாது, அதில் பேச்சே இல்லை. கேவலாதேவில் யானை கிடையாது. புலிகூட எப்போதாவது வழிதவறி வந்ததுதான். 2010இல் ரந்தம்போரிலிருந்து ஒன்று நடந்தே வந்தது, அதைப் பிடித்து சரிஸ்காவில் விட்டுவிட்டார்கள்.

ஆனால் 29 சதுர கிலோமீட்டரை நடந்து முடிக்க முடியாது, மோட்டார் வைத்தால் இடம் கெட்டுப்போகும். அந்த அளவுக்கு சைக்கிள்தான் பொருத்தம். எப்படி மிதிக்கிறோம் என்பதுதான் கேள்வி. அங்கே நான் பழகிக்கொண்டதைச் சொல்கிறேன். மிதிக்காமல் உருளவிட்டால் பின்சக்கரத்துப் பல்சக்கரமான ஃப்ரீவீல் 'டிக்டிக்டிக்' என்று கத்தும், கொக்கு கழுத்தை நீட்டுவது அந்தச் சத்தத்துக்குத்தான். அதனால் மெதுவாக மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். பறவைக்கு நேர் எதிரே நிற்காமல் கொஞ்சம் தாண்டிப் போய், ஒரு மரத்தை மறைவாக வைத்து இறங்க வேண்டும். ஸ்டாண்ட் போடக்கூடாது, அந்த 'டங்' சத்தம் தண்ணீரில் வெகுதூரம் போகிறது. சைக்கிளைக் கரைச் சரிவில் படுக்க வைத்துவிடுங்கள். மூன்று பேருக்கு மேல் சேர்ந்து போகாதீர்கள்.

கோடிக்கரைக் காற்று

நான் வேதாரண்யம். வாரம் ஒருமுறையாவது கோடியக்கரை வரை மிதிப்பவன். உங்கள் பதிவில் தண்ணீரும் காடும் பத்து நிமிடத்தில் மாறுகிறது என்று படித்ததும் எங்கள் பாதைதான் கண்ணில் வந்தது. அகஸ்தியம்பள்ளி உப்பளம் ஒரு பக்கம் கண்ணைக் கூசவைக்கும், கோடிக்காடு வந்ததும் பாலை மர நிழல் மேலே மூடிக்கொள்ளும். நிழலை விட்டு வெளியே வந்தால் புல்வெளியில் வெளிமான். வண்டியை நிறுத்தினால்தான் அவை ஓடும், ஓடிக்கொண்டிருக்கும் சைக்கிளைச் சட்டை செய்வதில்லை.

எங்கள் கவலை சீமைக்கருவேலம். வெளிமான் மேய்கிற புல்வெளியை அது தின்றுகொண்டே வருகிறது. 2018 கஜா புயலில் எத்தனையோ நல்ல மரம் சாய்ந்தது, இது மட்டும் மறுபடி தழைத்துவிட்டது. பரத்பூரிலும் இந்தச் சனியன் உண்டா?

மதகடி

உண்டு அண்ணே, உண்டு. மேடான பக்கமெல்லாம் அதுதான் பரவியிருந்தது. அங்கே செய்த ஒரு நல்ல காரியம், சுற்றுக் கிராமத்து மக்களையே உள்ளே விட்டு வேரோடு தோண்டச் சொன்னார்கள், விறகு அவர்களுக்கு. பூங்காவுக்கும் ஊருக்கும் இருந்த பழைய மனக்கசப்புக்கு அது கொஞ்சம் மருந்து. அப்படித் திறந்த இடத்தில் இப்போது புல் வந்திருக்கிறது, மான்கள் நிற்கின்றன. ஒரு வேர் தப்பினாலும் திரும்ப முளைக்கும் என்பதால் வேலை முடிந்தபாடில்லை.

கடைமடை

மனக்கசப்பு என்று ஒரு வார்த்தையில் தாண்டிவிட்டீர்கள் தம்பி. அதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் விவசாயி, திருத்துறைப்பூண்டிப் பக்கம். இருபது வருடம் முன்னால் வடக்கே வேலை பார்த்தபோது பரத்பூரில் சில மாதம் இருந்தேன்.

1982இல் தேசியப் பூங்கா ஆக்கியதும் மாடு எருமை உள்ளே மேயக்கூடாது என்று தடை போட்டார்கள். தலைமுறை தலைமுறையாக அங்கே மேய்த்தவர்கள் எதிர்த்தார்கள், போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் சிலர் செத்தும் போனார்கள். அதற்கப்புறம் நடந்ததுதான் பாடம். எருமை இல்லாததால் தண்ணீர்ப் புல் தாறுமாறாக வளர்ந்து குளத்தை அடைத்துவிட்டது. வாத்து நீந்தவும் இடமில்லை, நாரை மீன் பிடிக்கவும் இடமில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பத்து வருடம் அங்கேயே இருந்து ஆராய்ந்து, எருமை மேய்ந்தது நல்லதுக்குத்தான் என்ற முடிவுக்கு வந்தார்கள். ஆராய்ச்சி தொடங்கும்போது தடைதான் சரி என்றே பலரும் நினைத்திருந்தார்கள். எங்கள் ஊரில் குளத்தில் எருமை இறங்காவிட்டால் பாசி மண்டும் என்று எந்தச் சிறுவனும் சொல்வான்.

அப்புறம் தண்ணீர். கம்பீர் ஆற்றில் மேலே கரௌலிப் பக்கம் பாஞ்சனா அணை வந்த பிறகு கீழே வரத்து குறைந்துபோனது. நான் இருந்த வருடம் உள்ளே போய்ப் பார்த்தேன். வெடித்த தரை. அந்தத் தரையில் மாடு நடந்த தடம். மரத்தில் போன வருடக் கூட்டின் சுள்ளி. பறவை இல்லை. மேலே இருக்கும் விவசாயி தண்ணீர் விடமாட்டேன் என்கிறான், அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவனுக்கும் வயல் காய்கிறது. அந்தப் பூங்காவை நான் பார்ப்பது இப்படித்தான்: அது ஒரு கடைமடை. கடைமடையில் பிறந்தவனுக்கு அந்த வெடித்த தரை என்ன என்று தெரியும்.

மதகடி

ஐயா, கடைமடை என்ற சொல்லைப் படித்ததும் எனக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது. நான் மூன்று நாள் மிதித்த கரைகளில் தண்ணீர் இருந்தது என்றால், அது யாரோ எங்கேயோ திறந்துவிட்டதால்தான்.

இப்போது கோவர்தன் வடிகாலிலிருந்து குழாய் போட்டு மழைக்கால உபரி நீரைக் கொண்டு வருகிறார்கள். சம்பல் குடிநீர்த் திட்டத்திலிருந்தும் ஒரு பங்கு. இதெல்லாம் 2010க்குப் பிறகு வந்த ஏற்பாடு, அதனால்தான் பறவைகள் திரும்பின. ஆனால் பழைய ஆற்று வெள்ளம் போல அது ஆகாது. வெள்ளத்தோடு மீன் குஞ்சும் விதையும் சேர்ந்து வரும், நாரைக் குஞ்சு வளர்வது அந்த மீனில்தான். எனக்கு வழி காட்டிய பெரியவரும் இதையே சொன்னார். ஒரு மதகைக் காட்டி, அதில் தண்ணீர் விழுகிற முதல் நாள் தெரு முழுக்கப் பார்க்க வரும் என்றார். நம் ஊரில் புதுப்புனல் பார்க்கப் போவதுதான் நினைவுக்கு வந்தது.

நத்தைகுத்தி

சைபீரியக் கொக்கைப் பற்றி யாருமே பேசவில்லையே? மேற்கு சைபீரியாவிலிருந்து ஆப்கானிஸ்தான் வழியாக வந்து பரத்பூரில் குளிர்காலம் கழித்த வெள்ளைக் கொக்கு. 1960களில் இருநூறு வரை வந்தன. குறைந்து குறைந்து கடைசி ஜோடி வந்தது 2001-02 குளிர்காலத்தில். பூங்கா 1985இல் உலகப் பாரம்பரியச் சின்னமானதற்கு இந்தக் கொக்கும் ஒரு காரணம்.

மதகடி

எழுத நினைத்து விட்டுவிட்டேன். வழியிலேயே வேட்டையில் விழுந்ததுதான் பெரிய காரணமாகச் சொல்கிறார்கள். இங்கே எவ்வளவு காவல் போட்டாலும் ஐந்தாயிரம் கிலோமீட்டர் பாதைக்கு யார் காவல்? பெரியவரிடம் கேட்டேன், நீங்கள் பார்த்திருக்கிறீர்களா என்று. ரிக்‌ஷாவை நிறுத்திவிட்டுத் தண்ணீருக்கு நடுவே ஒரு இடத்தைக் கையால் காட்டினார். "அங்கேதான் நிற்கும், இரண்டும்." அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது அந்த இடத்தில் ஒரு ஜோடி சாரஸ் கொக்கு நின்றது. ஆள் உயரம், தலை சிவப்பு. ஒன்று குரல் கொடுக்க மற்றது சேர்ந்துகொண்டது. பனிக்குள் அந்தச் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்றே தெரியவில்லை. நாங்கள் இருவரும் அது ஓயும் வரை நின்றோம்.

முதல் கியர்

டிக்கெட் போட்டுவிட்டேன், ஜனவரி மூன்றாம் வாரம்! சென்னையிலிருந்து ஆக்ரா, அங்கிருந்து மிதிப்பதாக முடிவு. அதனால் என் வண்டியையே கொண்டு வருகிறேன். 700 x 35 டயர், ப்ரெஸ்டா வால்வு. முள்ளுக்கு என்ன செய்வது?

மதகடி

மகிழ்ச்சி தங்கச்சி. டயருக்குள் லைனர் (முள்ளைத் தடுக்கும் பட்டை) போட்டுக்கொள்ளுங்கள், டியூபில் சீலன்ட் (ஓட்டையை அடைக்கும் திரவம்) ஊற்றினால் இன்னும் நல்லது. மாற்று டியூப் இரண்டு. உள்ளே போய் ஒட்டிக்கொண்டு உட்காராமல் டியூபையே மாற்றிவிடுங்கள், ராத்திரி ரூமில் ஒட்டிக்கொள்ளலாம். கரைப் பாதையில் நடுவில் மிதியுங்கள், ஓரத்தில்தான் வெட்டிப்போட்ட முள் கிடக்கும். வண்டியிலிருந்து இறங்கி ஏறும் ஒவ்வொரு தடவையும் டயரைக் கையுறையோடு ஒரு சுற்றுத் தடவிப் பாருங்கள், முள் உள்ளே இறங்குவதற்கு முன் எடுத்துவிடலாம்.

ப்ரெஸ்டாவுக்கு அடாப்டர் மறக்காதீர்கள். வெளியே பங்க்சர் கடை உண்டு, நல்ல மனிதர்கள், ஆனால் அவர்கள் பம்பு சாதா சைக்கிள் வால்வுக்குத்தான் பொருந்தும்.

கடைமடை

போகிறதுக்கு முந்தின வாரம் அங்கே தண்ணீர் எந்த அளவில் நிற்கிறது என்று கேட்டுக்கொண்டு போம்மா. வந்ததும் எங்களுக்கும் சொல்லு.